ஏசி பட்டனுக்கு வைத்த சீல்

நான் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவன். கடலூர் கரண்டு ஆபீசில் மீட்டர் சோதனை செய்கிற வேலை. வீடு வீடாக, கடை கடையாகப் போய் மீட்டரில் சீல் ஒழுங்காக இருக்கிறதா, கம்பியை யாராவது பிரித்து மறுபடி முறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சீல் காகிதம் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தால் போதும், எனக்குப் பொறி தட்டிவிடும். அப்படிப் பிடித்துவிட்டால் அடுத்து செய்ய வேண்டியது, வீட்டுக்காரர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குவது. அவர் சொல்வது பச்சைப் பொய் என்று தெரிந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு வருஷ சர்வீசில் ஒரு தடவைகூட நான் அதை எழுதாமல் விட்டதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம், ஒரு கார் ஏசி விஷயத்தில் நான் ஒரு டிரைவரின் பேரைக் கெடுத்தேன். எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று யோசித்தால் இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு படியும் அந்த நேரத்தில் சரியாகத்தான் தெரிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

2008 கோடை. என் மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்ததால் வீட்டில் எல்லாருக்கும் பயம். எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அவளுடைய அம்மா வீடு சிதம்பரம், அவளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவும் சிதம்பரத்தில்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார். அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தி வைத்திருந்த சமயம். பஸ்ஸில் கூட்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை. காரில் போனாலும், பழைய டவுனைத் தாண்டியதும் தொழிற்சாலைப் பக்கம் ஒரு நெடி அடிக்கும். கண்ணாடியை இறக்கினால் அவளுக்குக் குமட்டும். ஏற்றினால் வெந்துபோவாள். அதனால் ஏசி கார்தான் என்று முடிவு செய்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்சி ஸ்டாண்டில் சொல்லி வைத்தேன்.

வந்த டிரைவருக்கு நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான ஆள். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து கடலூருக்குப் பிழைக்க வந்தவர். வண்டி அவருடையது இல்லை. ஸ்டாண்டில் நாலு கார் வைத்திருந்த ஓனருடையது. தினமும் காலையில் ஓனர் சாவி கொடுத்தால்தான் அவருக்கு அன்றைக்கு வேலை. அதிகம் பேசமாட்டார். ரோட்டில் பள்ளம் வந்தால் மட்டும் கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்து, "பள்ளம் வருதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை மெதுவாக இறக்குவார். அந்த ரோட்டில் இருந்த பள்ளத்துக்கு, கடலூரிலிருந்து சிதம்பரம் போவதற்குள் அதை அவர் நாற்பது தடவை சொல்ல வேண்டியிருந்தது. சலிக்காமல் சொன்னார்.

முதல் பயணத்தில் நான் பின்னால் அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஏசி நன்றாகக் குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று வெதுவெதுப்பானது. மறுபடி குளிர்ந்தது. மறுபடி வெதுவெதுப்பு. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இப்படிப் பல தடவை ஆகிவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சிதம்பரத்தில் மச்சானிடம், அதாவது என் மனைவியின் தம்பியிடம், இதைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது.

"மாமா, ஏசி போட்ட மாதிரி போடுவாங்க. நீங்க அசந்த நேரம் பாத்து அமுக்கிடுவாங்க. டீசல் மிச்சம் புடிக்கத்தான். எல்லா டிரைவரும் செய்யறதுதான் இது."

"எப்ப அமுக்குறாரு? நான் பாக்கலையே."

"கியர் போடுற கைதானே. பக்கத்துலதான் பட்டன் இருக்கு. நீங்க பின்னாடி குந்திக்கினு இருந்தா எப்பிடித் தெரியும்?"

இது எனக்கு உடனே மனதில் உட்கார்ந்தது. என் வேலையே அதுதானே. ஊரில் பாதிப் பேர் எதையாவது அமுக்கி, எதையாவது திருப்பி, மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று நம்பித்தான் நான் தினமும் காலையில் சைக்கிளை எடுக்கிறேன்.

இரண்டாவது பயணத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவருடைய இடது கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை கியரில் இருந்தது, ஸ்டியரிங்குக்குப் போனது, ஒருமுறை மூக்கைச் சொறிந்தது. பட்டன் பக்கம் போகவே இல்லை. பட்டனில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஆனாலும் முன்னால் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், இரண்டு நிமிஷத்தில் காற்றில் குளிர்ச்சி செத்துப்போகும். பிறகு இன்னொரு 'டக்'. குளிர் வரும். முட்லூரில் லாரிகள் வரிசையாக நின்று வண்டி நகராமல் இருந்தபோது சுத்தமாக அனல்தான் வந்தது.

"ஏசிய நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அது தானா நிக்கும், தானா எடுத்துக்கும். கேஸ் வேற கொறைஞ்சிருக்கு போல. ஓனர்கிட்ட சொல்லியிருக்கேன்."

தானா. இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நிச்சயமானது. மீட்டரில் கை வைத்த எல்லாரும் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை அது. மீட்டர் தானா நின்னுடுச்சு சார். சீல் தானா வுழுந்துடுச்சு சார். தானாக நின்ற ஒரு மீட்டரையும் நான் பார்த்ததில்லை. விளக்கு எரிவதை வைத்து ஏமாறவும் நான் தயாராக இல்லை, மீட்டர் ஓடாமல் வீடு முழுக்க விளக்கு எரிகிற வித்தையெல்லாம் பார்த்தவன். ஆனால் அவர் கை பட்டனுக்குப் போகவில்லையே, அது எப்படி? அங்கே மட்டும் எனக்கு முட்டியது.

மூன்றாவது பயணத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு சீல் காகிதமும் கோந்து பாட்டிலும் கொண்டுபோனேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வண்டி கிளம்பும் முன் பட்டனை உள்ளே அமுக்கி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மேலே காகிதத்தை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன். இனி கிழிக்காமல் யாரும் அதை அமுக்க முடியாது.

"ஏங்க, இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

டிரைவர் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறவில்லை, மாறியதை நான் கவனிக்கவில்லையோ என்னவோ.

"ஒட்டிக்கங்க சார். உங்களுக்கு நிம்மதின்னா சரி."

அன்றைக்கும் 'டக்' என்றது. அன்றைக்கும் காற்று செத்தது. சீல் முழுசாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, அவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கையில் இல்லையென்றால் காலில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கீழே ரகசியமாக ஒரு சுவிட்ச் வைத்திருப்பார் என்று நினைத்து, ஓடுகிற வண்டியில் குனிந்து அவர் காலடியில் தேடினேன்.

"சார், பிரேக்குகிட்ட தலைய வெக்காதீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது புதுச்சத்திரம் பக்கத்தில் என் மனைவிக்கு வாந்தி வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி இறக்கினோம். புளியமரத்தடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்க" என்றாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதல் முறையும் இப்படி ஒரு வலியில்தான் ஆரம்பித்தது. டிரைவர் ஓடிப்போய் எங்கிருந்தோ சோடாவும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தார். அரை மணியில் வலி அடங்கியது, வெறும் வாந்தி வலிதான். ஆனால் எனக்குள் ஏறியது இறங்கவில்லை. எவனோ நாலு சொட்டு டீசல் மிச்சம் பிடிக்க என் பிள்ளையா பலி என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே வீடு வந்தேன். அந்தச் சோடாவை நான்தான் அவளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். கொடுத்த அந்தக் கையோடுதான் கறுவினேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சீலைப் பார்த்தேன். ஒரு ஓரம் தூக்கியிருந்தது.

இப்போது யோசித்தால், கத்திரி வெயிலில் கண்ணாடிக்குக் கீழே அனலும் குளிரும் மாறி மாறிப் பட்டு ஒரு கோந்துக் காகிதம் ஓரம் தூக்காமல் வேறு என்ன செய்யும். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீல் தூக்கியிருந்தால் குற்றம். என் வேலையில் நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போனேன். ஓனர் இருந்தார், நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் முன்னாலும் காரின் கதவைத் திறந்து சீலைக் காட்டினேன். மாசமான பெண்ணை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கி அமுக்கி எடுக்கிறார், வாந்தி எடுத்து நடு ரோட்டில் உட்கார்ந்தோம் என்று சத்தம் போட்டேன். டிரைவர் ஒரே ஒரு தடவை, "நான் அமுக்கல சார்" என்றார். நான் காகிதத்தைக் காட்டினேன். அவர் ஓனரைப் பார்த்தார். கேஸ் குறைந்திருப்பதாக ஓனரிடம் சொன்னேன் என்று முன்பு என்னிடம் சொல்லியிருந்தாரே, அந்த ஓனர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓனர் கையை நீட்டினார். டிரைவர் சாவியை அதில் வைத்துவிட்டு, சைக்கிள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்.

அடுத்த தடவை வேறு வண்டி, வேறு டிரைவர். புது வண்டி. சிதம்பரம் வரைக்கும் சில்லென்று இருந்தது. பார்த்தாயா என்று மனைவியிடம் சொன்னேன். அந்த வண்டியிலும் 'டக்' கேட்டிருக்கும், கேட்காமல் இருந்திருக்காது. எனக்குத்தான் காது கொடுக்க அவசியம் இல்லாமல் போனது. செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அந்த டிரைவரை நான் மறந்தே போனேன்.

2011-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். எப்படியோ ஓட்டக் கற்றுக்கொண்டு, முதன்முதலாக மனைவியையும் குழந்தையையும் வைத்துச் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். பழைய டவுன் தாண்டியதும் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டேன். ஜம்மென்று குளிர்ந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் முன்னால் 'டக்'. காற்று வெதுவெதுப்பானது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டக்', குளிர் வந்தது.

நான் என் இடது கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் இருந்தது. பட்டன் விளக்கு எரிந்தது. என்னையறியாமல் காலடியில்கூடப் பார்த்தேன். அங்கே என் செருப்புதான் இருந்தது.

"ஏன் வண்டி அலையுது?" என்றாள் மனைவி.

"ஏசி நின்னு நின்னு ஓடுது."

"நம்ம வீட்டு ஃப்ரிட்ஜு கூடத்தான் நின்னு நின்னு ஓடுது. அதுக்கா இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

எனக்கு வேர்த்தது வேறு காரணத்துக்கு. கரண்டு ஆபீசில் வேலை பார்க்கிறவன் நான். ஃப்ரிட்ஜ் தானாக நிற்கும், இஸ்திரிப் பெட்டி தானாக நிற்கும், வாட்டர் ஹீட்டர் தானாக நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்ததை அந்தக் காருக்குள் ஏன் கொண்டுபோகவில்லை? இதற்கு மட்டும் இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆபீசில் ஒருவர் பெல்ட் தளர்ந்திருக்கும் என்றார். பெட்ரோல் பங்கில் பேட்டரி வீக் என்றார்கள். மச்சான், "ஓவர் லோடு மாமா, நீங்க வெயிட்டு போட்டுட்டீங்க" என்றான். கடைசியில் திருவந்திபுரம் போகிற ரோட்டில் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். பானட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, என்னை உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"இதான் கம்ப்ரசர் சார். இன்ஜின் பெல்ட்டுலதான் ஓடுது. இந்த வெளிச் சக்கரம் எப்பவும் சுத்தும். நடுவுல இருக்கே, அது கிளட்ச்சு. காந்தம். கரண்டு வந்தா ஒட்டிக்கும், அப்பதான் உள்ள கம்ப்ரசர் சுத்தும். இப்ப பாருங்க."

'டக்.' அதே சத்தம். மூன்று வருஷமாக எனக்குத் தெரிந்த சத்தம்.

கம்ப்ரசர் கேஸை அமுக்கிச் சூடாக்கி முன்னால் ரேடியேட்டர் பக்கத்தில் வலை மாதிரி இருக்கிற ஜாலிக்குத் தள்ளுமாம். அங்கே காற்றுப் பட்டு ஆறி அது திரவமாகிவிடும். வண்டி நின்றால் காற்று சரியாகப் படாது, அதனால்தான் நிற்கும்போது குளிர் குறைகிறது. முட்லூர் லாரி வரிசை எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு அந்தத் திரவம் ஒரு சின்னத் துளை வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற காயில் என்கிற குழாய்ச் சுருளுக்குள் பாய்ந்து, மறுபடி ஆவியாகும்போது சில்லென்று ஆகும். அந்தக் காயிலைத் தாண்டி வருகிற காற்றுதான் நம் முகத்தில் படுவது. காயில் ரொம்பக் குளிர்ந்தால் அதில் ஐஸ் கட்டிக் காற்றையே அடைத்துவிடும். அதனால் கொஞ்சம் முன்பே ஒரு சென்சார் கிளட்சை விட்டுவிடும். வெதுவெதுப்பானதும் மறுபடி பிடிக்கும்.

"அப்ப நிக்கிறது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

"நின்னா நல்லது சார். அடிக்கடி நின்னா கெட்டது."

"எத்தன தடவ நின்னா அடிக்கடி?"

"அது வண்டியப் பொறுத்து. வெயிலப் பொறுத்து."

எனக்கு மறுபடி குழம்பியது. மீட்டரில் இப்படி ஒரு பதிலை யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வேனா? அவர் பிரஷர் பார்க்கிற ஒரு கேஜை மாட்டி முள்ளைக் காட்டினார். முள் விழுந்தது, 'டக்', ஏறியது, 'டக்', மறுபடி விழுந்தது.

"உங்க வண்டியில கேஸ் கொறைஞ்சிருக்கு. எங்கியோ லீக்கு. கெணத்துல தண்ணி கம்மியா இருந்தா மோட்டார் போட்ட ஒடனே இறைச்சிடும்ல? நிறுத்திட்டு ஊறுற வரைக்கும் காத்திருப்போம். அதே கதைதான். கம்ப்ரசர் இழுத்ததும் பிரஷர் வுழுந்துடும், சுவிட்ச்சு கட் பண்ணிடும். நின்னதும் பிரஷர் ஏறும், மறுபடி போடும். ஓயாம இதே வேல."

"டிரைவர் ஒண்ணும் செய்ய வேணாமா?"

"டிரைவர் இன்னா சார் செய்வான்? அது தானா நிக்கும், தானா எடுத்துக்கும்."

அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் வெயில் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த டிரைவரைத் தேடிப்போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். போகவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை. வருஷக் கடைசியில் புயல் வந்து ஊரில் இருந்த கம்பமெல்லாம் சாய்ந்தது. இரண்டு மாதம் வீட்டுக்கே ஒழுங்காக வரவில்லை. புயல் எனக்கு நல்ல சாக்காக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வெயில் ஆரம்பித்த பிறகுதான் ஸ்டாண்டுக்குப் போனேன். பழைய ஓனர் இல்லை. புது முகங்கள்தான் நிறைய இருந்தன. இப்படி ஒரு டிரைவர், ஒல்லியாக இருப்பார், காட்டுமன்னார்கோயில் பக்கம் என்று அடையாளம் சொன்னேன்.

"யாரு, பட்டனா?" என்றார் ஒருவர்.

"பட்டனா?"

"அவர அப்பிடித்தான் கூப்புடுவாங்க. ஏசி பட்டன அமுக்கி மாட்டிக்கினாரு. யாரோ கவர்மெண்ட் ஆபீசர் வந்து சீலே வெச்சாராம் வண்டிக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அதுக்கப்பறம் இங்க யாரும் கார் குடுக்கல. இப்ப மினி லாரி ஓட்டுறாரு. நம்பர் வேணுமா?"

ஆபீசர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நம்பரை வாங்கிக்கொண்டு என் காரில் வந்து உட்கார்ந்து போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"பட்டன் பேசுறேன், சொல்லுங்க."

அவர் வாயாலேயே அதைக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. போனை வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நாலு வருஷத்துக்கு முன் சிதம்பரத்துக்குப் போய்வந்த கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெரியுது சார். அந்தம்மாவுக்குக் கொழந்த நல்லபடியாப் பொறந்துச்சா?"

"பொண்ணு. மூணு வயசு முடிஞ்சிடுச்சு."

"நல்லது சார். அன்னைக்கு வலின்னு குந்துனாங்களே, ரொம்ப நாள் நெனச்சிக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை. கிளட்ச், காந்தம், காயில், பிரஷர் சுவிட்ச், கிணற்று மோட்டார் என்று மெக்கானிக் சொன்னதையெல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். கேஸ் குறைந்திருந்தால் அப்படித்தான் ஆகுமாம், நீங்கள் அமுக்கவே இல்லை, அது தானாகத்தான் நின்றிருக்கிறது என்று ஏதோ அவருக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துச் சொல்கிறவன் மாதிரி சொன்னேன். அந்தப் பக்கம் லோடு ஏற்றுகிற சத்தம் கேட்டது. நான் முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"ஆமா சார்" என்றார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

சொன்னார். அவர் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை.